மண்ணுக்குள் எரியும் விளக்கு

ஒரு காட்டில், செல்போன் டவர் மட்டும் குறையில்லாமல் கிடைக்கிற ஒரு மேட்டுக் காட்டில், எல்லா மிருகங்களும் சேர்ந்து கட்டை விளையாட்டு விளையாடி வந்தன.

விளையாட்டு இதுதான், பிள்ளைகளே. போனைத் திறந்தால் உள்ளே இன்னொரு உலகம். அங்கே மண், கல், மரம் எல்லாமே சதுரம் சதுரமான கட்டைகள். தோண்டி எடுக்கலாம், அடுக்கிக் கட்டலாம். கீழே தாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வைத்த கட்டை வைத்த இடத்திலேயே நிற்கும், விழாது.

அந்த உலகத்துக்குள் போக பாஸ்வேர்டு கிடையாது. குளம்பை வைத்துக்கொண்டு யாரால் பாஸ்வேர்டு அடிக்க முடியும்? வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும். "உர்ர்ர்" என்றால் பன்றி. "ஊவ்வ்" என்றால் நரி. குரல் யாருடையதோ, உள்ளே போகிறவர் அவர்தான். கதவு அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காது.

சர்வரை நடத்தியது காட்டெருமை. அட்மினும் அதுதான். நல்ல மிருகம். ஆனால் எதைச் செய்தாலும் அடியோடு செய்யும்.

"அரைகுறை வேலை நமக்கு ஆகாது, ஆமா!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லும்.

ஒருமுறை யாரோ சில குறும்புக்காரர்கள் மான் கட்டிய வீட்டை இடித்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். உடனே காட்டெருமை ஆளுக்கொரு காவல் கல் கொடுத்தது. அதை நம் மனையில் நட்டுவிட்டால், அந்த எல்லைக்குள் வேறு யாராலும் ஒரு கட்டையைக்கூட அசைக்க முடியாது. வேண்டிய நண்பர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் கல்லில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியும் யாராவது உடைத்தால்? அதற்கு மோப்பக் கோல் இருந்தது. உடைந்த இடத்தைக் கோலால் தட்டினால் உடைத்தவர் பெயரைச் சொல்லிவிடும். பிறகு காட்டெருமை ஒரு கட்டளை போடும்: "பெயரோடு துடை!"

அவ்வளவுதான். அந்தப் பெயர் அந்த உலகத்தில் அதுவரை செய்தது எல்லாம் இல்லாமல் போகும். வைத்த கட்டைகள் மறையும். தோண்டிய குழிகள் தூர்ந்துவிடும். பிறரிடமிருந்து கழற்றிய கட்டைகள் மட்டும் தானாகத் திரும்பி வராது. ஆள் வெளியே.

"துடைச்சா துடைச்சதுதான். அப்புறம் அய்யா சாமின்னு வந்து நின்னா என்கிட்ட ஒண்ணும் இருக்காது, சொல்லிட்டேன்!"

இத்தனை காவல் இருக்கும்போது என்ன பயம்? எல்லாரும் நிம்மதியாகக் கட்டினார்கள்.

மயில் என்ன கட்டியது தெரியுமா? மயிலைத்தான் கட்டியது. பனை உயரத்துக்குத் தன்னையே சிலையாக வைத்து, பின்னால் ஒரு வால் விரித்தது. ஒவ்வொரு தோகைக் கண்ணுக்கும் நீலம், பச்சை, பொன் என்று தேடித் தேடிப் பதித்தது.

"ஹூம்! போறவங்க வாறவங்க எல்லாம் ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போகணும். நிக்காம போறவங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு அர்த்தம்!" என்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சொல்லும்.

அந்தக் காட்டில் ஒரு கரிச்சான் குருவியும் இருந்தது. வால் நுனியில் இரண்டு கறுப்புத் துடுப்புகள் தொங்கும். அதற்கு எல்லாருடைய குரலும் வரும். காட்டெருமையின் மூக்குறிஞ்சல் வரும். மயிலின் "ஹூம்" வரும். நரி கொட்டாவி விடுவதுகூட வரும்.

தன் சொந்தக் குரல் மட்டும் கரிச்சானுக்குப் பிடிக்காது. அது கரகரவென்று, தகரத்தில் ஆணி கீறுவது போல இருக்கும். விளையாட்டுக்குள் நுழைய வேறு வழியில்லாததால், வாசலில் கதவுக்கு மட்டும் கேட்கும்படி அதை முணுமுணுக்கும். உள்ளே போனதும் இரவல் குரல்தான். கரிச்சானின் உண்மையான குரல் எப்படி இருக்கும் என்று அந்தக் கதவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

கரிச்சான் பேசினால் விழுந்து விழுந்து சிரிப்பது மந்தி. மந்தி சிரித்தால் கரிச்சானுக்குச் சாப்பாடே வேண்டாம்.

இனி அழுங்கு. உடம்பெல்லாம் செதில், எறும்பு தின்னும், ஒரு சருகு விழுந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளும். விளையாட்டுக்குள்ளும் அப்படித்தான். யாராவது அருகில் வந்தால் ஒரு மூலையில் குந்திக்கொள்ளும். வாயைத் திறந்து பேசாது. வாசலில் மட்டும் "ம்... வந்து..." என்று ஒரு மெல்லிய குரல் கொடுத்துவிட்டு உள்ளே நழுவும்.

ஆனால் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. மயில் தன் சிலைக்கு அடித்தளம் போட நினைத்தபோது, "நான் போய் மண்ணைக் கிளறவா? நகம் என்னத்துக்கு ஆகும்?" என்று அழுங்கைத்தான் கூப்பிட்டது. அதற்காக அழுங்கின் பெயரைத் தன் காவல் கல்லில் சேர்த்தது. வேலை முடிந்த பிறகு அந்தப் பெயரை எடுக்க மறந்துவிட்டது.

ஒருநாள் அழுங்கு கரிச்சானுக்குச் சைகை காட்டியது. பின்னால் வரச் சொன்னது. ஒரு மலையடிவாரத்தில் குறுகலான சுரங்கம். உள்ளே போகப் போக இருட்டு. திடீரென்று அது பெரிய மண்டபமாக விரிந்தது. கரிச்சான் நிமிர்ந்து பார்த்தது.

கூரை முழுக்க விளக்குகள். சின்னதும் பெரியதுமாக, சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் ஒன்றே ஒன்று தனியாக.

"அடேயப்பா! எதுக்குடா இத்தனை விளக்கு? கல்யாணமா?" என்று கரிச்சான் மந்தியின் குரலில் கேட்டது.

"ம்... வந்து... வானம்டா."

"வானமா? அதான் வெளியில ஓசியிலேயே கிடக்கே!"

அழுங்கு ஒரு விளக்குக்கு அடியில் போய்க் குந்திக்கொண்டது. பிறகு சொன்னது: "நீ பறக்கிறவன். நான் நடந்தா மண்ணைத்தான் பாக்கணும். சத்தம் கேட்டா சுருண்டுக்கணும். சுருண்டா என் வயிறு மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் வானத்தைச் சரியாப் பாத்ததே இல்லடா. அதான்... எனக்குப் பயமில்லாத இடத்துல, மண்ணுக்குள்ள, நானே ஒண்ணு பண்ணிக்கிட்டேன்."

கரிச்சானின் நாக்கு நுனியில் நல்ல கேலி ஒன்று இருந்தது. ஏனோ அது வெளியே வரவில்லை.

"நடுவுல ஒரு இடம் காலியா விட்டிருக்கேன், பாரு. அந்த விளக்கை நீ வை" என்றது அழுங்கு.

அதற்காகவே கரிச்சானின் பெயரைத் தன் காவல் கல்லில் சேர்த்திருந்தது. அந்தக் கல்லில் இருந்த ஒரே அயல் பெயர் அதுதான். கரிச்சான் விளக்கை வைத்தது. வானம் நிறைந்தது.

"நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டப் போறேன். ஆனா கூட்டத்தைப் பாத்தா நான் சுருண்டுருவேன். வாங்கன்னு சொல்லக்கூட வாய் வராது. எனக்குப் பதிலா, என் குரல்ல, நீ பேசிடுறியா?"

"உன் குரலா? அது எப்படி இருக்கும்னே சரியாத் தெரியாதேடா! நீ பேசினாத்தானே நான் பிடிக்க முடியும்?"

அழுங்கு பேசியது. எறும்புகளைப் பற்றிப் பேசியது. மழைக்காலத்தில் வளைக்குள் வரும் வாசனையைப் பற்றிப் பேசியது. ஒவ்வொரு விளக்குக்கும் தான் வைத்திருந்த பெயரைச் சொன்னது. பொழுது சாய்கிற வரை பேசிக்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து அது அவ்வளவு பேசியதில்லை.

"ம்... வந்து... போதுமாடா?"

"ம்... வந்து... போதும்டா" என்றது கரிச்சான். அச்சு அசல் அழுங்கின் குரல். அழுங்குக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கரிச்சான் ஒரு கிளையில் உட்கார்ந்து வரவேற்புப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தது. மந்தி தாவி வந்தது.

"என்னடா, இன்னைக்கும் அந்த எருமை மூக்கைத்தான் உறிஞ்சிக் காட்டப் போறியா? பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு. புதுசா ஒண்ணும் இல்லையா?"

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. "ம்... வந்து... இருக்கே, மந்தியக்கா."

மந்தி சுற்றும் முற்றும் பார்த்தது. "அழுங்கா? எங்கே அழுங்கு?" பிறகு புரிந்துகொண்டு கிளையிலிருந்து விழப் போனது. "அட பாவி! அதோட குரல் எப்படிடா கிடைச்சுது உனக்கு? ஏய், இந்தக் குரலுக்குக் கதவு திறக்குமாடா?"

"திறக்குமான்னா கேக்குறே? பாரு!"

அழுங்கு எறும்பு தேடப் போயிருந்த நேரம் அது. கரிச்சான் வாசலில் நின்று "ம்... வந்து..." என்றது. கதவு திறந்தது. உள்ளே போனது கரிச்சான். கதவைப் பொறுத்தவரை போனது அழுங்கு.

நேரே மயில் சிலைக்குப் போனது. காவல் கல்லில் அழுங்கின் பெயர் இருந்ததால் அது தடுக்கவில்லை. கரிச்சான் அந்தத் தோகையைக் கட்டை கட்டையாகக் கழற்றியது. ஒன்றையும் தூக்கி எறியவில்லை. எல்லாவற்றையும், தான் முன்னமே தன் பெயரில் வைத்திருந்த ஒரு பெட்டியில் பத்திரமாக அடுக்கி வைத்தது. சிரித்து முடித்ததும் திருப்பி மாட்டிவிட்டால் போயிற்று!

தோகை இருந்த இடத்தில் ஒரு துடைப்பத்தைக் கட்டி வைத்தது. நல்ல பெரிய தென்னந்துடைப்பம்.

வெளியே வந்து, தன் முணுமுணுப்பால் தன் பெயரிலேயே மறுபடி நுழைந்து, மந்தியோடு போய் ஒளிந்துகொண்டது.

அன்று மயில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.

"கியாஆஆவ்! யாரு? யாருடா அது? என் வாலு! என் வாலு எங்கே? இது என்ன... துடைப்பமா? துடைப்பமா!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். மயிலைப் பார்த்தார்கள். சிலையைப் பார்த்தார்கள். பன்றிதான் முதலில் சிரித்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"வாசல் பெருக்க வசதியாப் போச்சு, மயிலண்ணே!" என்றது நரி.

"சிரிக்கிறீங்களா? சிரிங்க! நாளைக்கு உங்க வீட்டையும் இப்படிப் பண்ணுவான். அப்ப நான் வந்து சிரிக்கிறேன்!" மயிலின் குரல் உடைந்துவிட்டது. அந்த வாலுக்காக அது ஒரு மழைக்காலம் முழுக்க உழைத்திருந்தது.

காட்டெருமை தடதடவென்று வந்தது. மோப்பக் கோலால் துடைப்பத்தைத் தட்டியது.

"அழுங்கு" என்றது கோல்.

அந்த நேரம் பார்த்து அழுங்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்ததும், தன் விழாவுக்குத்தான் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு இரண்டடி முன்னால்கூட வந்தது.

"ஏம்ப்பா, இது உன் வேலையா?" என்று காட்டெருமை கேட்டது.

எல்லாக் கண்ணும் திரும்பின. அழுங்கு அப்படியே குந்திவிட்டது.

"கல்லுல உன் பேரு. கோலும் உன் பேரைத்தான் சொல்லுது. ஆனாலும் நான் வாயால கேக்காம எதுவும் செய்யறதில்ல. ஆமான்னா ஆமான்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

அழுங்குக்கு வாய் வரவில்லை. அது மெதுவாகத் தலையை மட்டும் திருப்பி, கூட்டத்தில் மந்தியோடு கலந்து நின்ற கரிச்சானைப் பார்த்தது. எனக்குப் பதிலாகப் பேசுகிறேன் என்று சொன்னாயே, பேசு. அந்தப் பார்வைக்கு அவ்வளவுதான் பொருள்.

ஒரே ஒரு சொல் போதும். "இல்லை."

ஆனால் மந்தி கரிச்சானின் காதில் கிசுகிசுத்தது: "சொல்லுடா! அது குரல்ல ஒண்ணு எடுத்து விடுடா! செத்தேன் சிரிச்சே!"

எல்லாரும் காத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய கூட்டம் கரிச்சானுக்கு வாய்த்ததே இல்லை. இந்தச் சிரிப்பு ஒன்று முடியட்டும், உடனே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அது நினைத்தது.

"ம்... வந்து... நான்தான். துடைப்பம் பொருத்தமா இருக்கா, மயிலண்ணே?"

காடே வெடித்தது. பன்றி உருண்டது. நரிக்கு விக்கல் வந்தது. கரிச்சான் தலையைத் தாழ்த்தி அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டது.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். மயில். காட்டெருமை. தன் குரல் தன்னையே காட்டிக்கொடுத்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அழுங்கு.

"பெயரோடு துடை!" என்றது காட்டெருமை.

சத்தமே இல்லை. அழுங்கு நின்ற இடம் காலியானது. துடைப்பம் மறைந்தது. சிலைக்குக் கீழே இருந்த அடித்தளக் குழி மூடிக்கொண்டது. தூரத்தில், மலையடிவாரத்தில், சுரங்கத்தின் வாய் மண்ணாயிற்று. அதற்குள் இருந்த மண்டபம் மண்ணாயிற்று. பெயர் வைத்த விளக்குகள் ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் ஒன்றாகப் போயின.

அதை யாரும் கவனிக்கவில்லை. அங்கே அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கரிச்சானுக்கு மட்டும் தெரியும்.

"அய்யா! அது நான்! நான்தான் பண்ணினேன்!"

பதற்றத்தில் ஓர் இரவல் குரலும் வாயில் வரவில்லை. கரகரவென்று சொந்தக் குரல்தான் வந்தது.

"யாரப்பா அது? புதுக் குரலா இருக்கு! பேரைச் சொல்லிட்டுப் பேசு!" என்றது காட்டெருமை.

"கரிச்சான்யா! நான் கரிச்சான்!"

மந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "அய்யோ, போதும்டா! இது யாரு குரல்டா? தகர டப்பாவா?"

மறுபடியும் சிரிப்பு.

கரிச்சான் கத்திக் கத்திச் சொன்னது. ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் அது காட்டெருமையின் முகத்துக்கு நேரே போய் நின்று, அழுங்கின் குரலில், தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னது:

"ம்... வந்து... நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டப் போறேன்."

சிரிப்பு நின்றது. அழுங்கு இல்லாத இடத்தில் அழுங்கின் குரல்!

காட்டெருமைக்கு விளங்க நேரமாகவில்லை. அது மோப்பக் கோலைத் தரையில் வைத்துவிட்டது.

"துடைச்சாச்சேடா... கோல் சொல்லுச்சு, குரல் சொல்லுச்சு. குரல் எந்த வாயிலேர்ந்து வந்துச்சுன்னு நான் நிமிர்ந்து பாக்கலியே. இனி என்கிட்ட ஒண்ணும் இல்ல." பிறகு, "கதவை மட்டும் திறந்து வெக்கிறேன். போய் அழுங்கை வரச் சொல்லு. மறுபடி கட்டட்டும். எல்லாரும் சேர்ந்து கட்டிக் குடுப்போம்" என்றது.

கரிச்சான் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தோகையை மயில் மாட்டிக்கொண்டது. அன்று யாரையும் நின்று பார்க்கச் சொல்லவில்லை.

கரிச்சான் போனை மூடிவிட்டு நிஜக் காட்டுக்குள் பறந்தது. அழுங்கின் வளை வாசலில் ஒரு செதில் பந்து கிடந்தது.

"டேய் அழுங்கு."

"யாரு?" என்றது பந்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நான்தான்டா. கரிச்சான்."

"கரிச்சான் குரலா இது? எனக்குத் தெரியாதே."

கரிச்சான் கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. "இதுதான்டா என் குரல். உன்கிட்ட நான் இதுல பேசினதே இல்ல." அலகால் மண்ணைக் கொத்தியது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. அட்மினய்யா கதவைத் திறந்து வெச்சிருக்காரு. எல்லாரும் சேர்ந்து கட்டலாம்னு சொல்றாங்க. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். வாசல்ல வந்து உன் குரலைக் குடு, போதும்."

காற்றில் ஒரு சருகு உருண்டு போனது. பந்து இன்னும் கொஞ்சம் இறுகியது.

"என் குரலா?" என்றது அழுங்கு. "அதைத்தான் உனக்குக் குடுத்துட்டேனே."

அதற்குப் பிறகு அது விளையாட்டின் வாசல் பக்கமே வரவில்லை.

கரிச்சான் இப்போதும் தினமும் அந்த உலகத்துக்குப் போகிறது. வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி தன் கரகரத்த குரலையே கொடுக்கிறது. மந்தி கேட்டாலும் யார் குரலையும் பேசிக் காட்டுவதில்லை. நேரே மலையடிவாரத்துக்குப் போய்த் தோண்டுகிறது. கரிச்சான் இருட்டில் ஒருமுறை போனதோடு சரி, சுரங்கத்தின் வழி அழுங்குக்குத்தான் தெரியும். எங்கே தோண்டினாலும் மண்.

ஆனால் உள்ளே ஒரு விளக்கு இருக்கிறது. வானத்தின் நடுவே கரிச்சான் வைத்த விளக்கு. அது அழுங்கின் பெயரில் இல்லாததால் துடைபடவில்லை. வைத்த இடத்திலேயே, நாலு பக்கமும் மண் மூடி, யாரும் பார்க்காமல் எரிந்துகொண்டிருக்கிறது.

நீதி: ஒருவர் நம்பிக் கொடுத்ததை வேடிக்கைக்காகத் தொடாதே, சிரிப்பு ஓயட்டும் என்று உண்மையைத் தள்ளிப்போடாதே.